பத்து வருஷ அறிக்கையில ஒரு பிஎச்சி நல்லா இருக்குன்னு எதை வெச்சு சொல்றது?

கல்யாணமுருங்கை · திங்கள், இரவு 9:12

வணக்கம். வேலை விஷயமா ஒரு யோசனை கேக்கணும். நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் மடிவாளாவுல இருக்கேன். ஒரு அறக்கட்டளையில கிராம சுகாதாரத் திட்டங்களை மதிப்பீடு பண்ணி எழுதுற வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆனேக்கல், மாலூர். அந்தப் பக்கம் தளி, சூளகிரி. ரெண்டு பக்கமும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு (பிஎச்சி) எங்க ஆளுங்க பல வருஷமா கருவி, பயிற்சின்னு உதவிட்டு வர்றாங்க. இப்போ பணம் குடுக்கிறவங்க கேக்கிறாங்க: பத்து வருஷத்துல என்ன மாறிச்சு? ஒவ்வொரு பிஎச்சிக்கும் நூத்துக்கு ஒரு மார்க் போட்டுக் குடுங்க.

கையில இருக்கிறதெல்லாம் எச்எம்ஐஎஸ், அதாவது அரசு சுகாதாரத் தகவல் அமைப்போட மாதாந்திர அறிக்கைங்கதான். எத்தனை புறநோயாளி, எத்தனை பிரசவம், எத்தனை தடுப்பூசி. எல்லாமே எண்ணிக்கை. ஒரு பிஎச்சியில பிரசவக் கோடு வருஷா வருஷம் இறங்கிட்டே வருது. மேலாளர் பார்த்த உடனே "இது தோத்த இடம், சிவப்புல போடு"ன்னுட்டார். நேர்ல போனா அப்படித் தெரியல. மாத்திரை இருக்கு, லேப் ஓடுது, திண்ணை நிறைய ஜனம். இன்னொரு பிஎச்சியில எல்லா எண்ணும் ஏறுமுகம். அங்க மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனா ஈ காக்கா இல்ல.

எதை அளந்தா உண்மை தெரியும்? எத்தனை வருஷத்துக்கு அளக்கணும்? இதுல அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சில்க்போர்டு சிங்கம் · திங்கள், இரவு 9:31

இதுல என்ன குழப்பம் அக்கா? சிசு மரண விகிதம் போடுங்க, உலகமே அதைத்தான் பார்க்குது. 2020 எஸ்ஆர்எஸ் (மத்திய அரசோட பிறப்பு இறப்புக் கணக்கெடுப்பு) கணக்குல ஆயிரம் பிறப்புக்கு இந்தியா 28, கர்நாடகா 19, தமிழ்நாடு 13, கேரளா 6. இதே மாதிரி பிஎச்சி பிஎச்சியா எடுத்து அடுக்கிடுங்க. மார்க் ரெடி. (ஜங்ஷன்ல நிக்கிறேன், சிக்னல் விழறதுக்குள்ள மூணு பதில் எழுதலாம்.)

இடைநிலை · திங்கள், இரவு 10:05

சிங்கம், வண்டியைப் பாருங்க. அந்த எண் மாநிலம் பூரா அங்கங்க கொஞ்சம் வீடுகளை மட்டும் எடுத்துப் பார்க்கிற கணக்கெடுப்புல வர்றது. அதைப் பிஎச்சி அளவுக்கு இறக்க முடியாது. ஏன்னு போட்டுக் காட்டறேன்.

சமவெளியில ஒரு பிஎச்சிக்கு 30,000 பேர்ங்கிறது விதி. ஆயிரத்துக்கு 15 பிறப்புன்னு வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு 450 குழந்தை. சிசு மரணம் ஆயிரத்துக்கு 15ன்னா அந்தப் பிஎச்சியில வருஷத்துக்கு ஏறக்குறைய ஏழு சாவு. யாரும் புதுசா நல்லதும் செய்யல, கெட்டதும் செய்யலன்னாலும் அந்த ஏழு ஒரு வருஷம் நாலாகும், அடுத்த வருஷம் பத்தாகும். எண்ணிக்கை சின்னதா இருந்தா அப்படித்தான் ஆடும். நாலு வந்த வருஷம் டாக்டருக்கு சால்வை, பத்து வந்த வருஷம் மெமோ. ரெண்டுமே அபத்தம்.

தாய்மார் இறப்பு இன்னும் மோசம். 2018–20ல கர்நாடகாவுக்கு லட்சம் பிரசவத்துக்கு 69. 450 பிரசவத்துக்கு அதைப் பொருத்திப் பாருங்க, மூணு வருஷத்துக்கு ஒரு மரணம் வரும். நடக்காத ரெண்டு வருஷம் பச்சை, நடந்த வருஷம் சிவப்புன்னு போடுவீங்களா? பத்துப் பிஎச்சியைச் சேர்த்து அஞ்சு வருஷத்தைக் கூட்டினாத்தான் இந்த விகிதங்களை வெச்சுப் பேச முடியும். தனித்தனியா மார்க் போட இது ஆகவே ஆகாது.

சூளகிரி சிஸ்டர் · செவ்வாய், காலை 6:20

எல்லாருக்கும் காலை வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துல கிராம சுகாதார செவிலியரா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவ. இப்போ எலக்ட்ரானிக் சிட்டியில மக வீட்டுல இருக்கேன். மகதான் இந்த இழையைக் காட்டினா. போன்ல பேசி எழுதறேன், பிழை இருந்தா மன்னிக்கணும்.

முருங்கை கண்ணு, பிரசவம் குறைஞ்சதுக்கு உங்க மேலாளர் சிவப்பு போட்டாருன்னு படிச்சதும் எனக்குப் பொறுக்கல. தலைப்பிரசவம் எங்க நடக்கும்? வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிடும். ஏழு மாசம் எடை பார்த்து, ரத்தம் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரை குடுத்து, ஸ்கேனுக்கு அனுப்பினது புருஷன் ஊர் நர்ஸ். பிரசவம் எழுதிக்கிறது அம்மா ஊர் ஆஸ்பத்திரி. தடுப்பூசியில மொதல் ரெண்டு அங்க, மீதி இங்க. உங்க கம்ப்யூட்டர்ல எங்க ஊர்ப் பொண்ணு பாதியில காணாமப் போன கேஸ். தமிழ்நாட்டுல பிக்மி நம்பர் வந்த அப்புறம் இந்தத் தொல்லை கொஞ்சம் தீர்ந்துச்சு. கர்ப்பம்னு தெரிஞ்சதும் நம்பர் போடுவோம், அது இல்லாம பிறப்புச் சான்றிதழ் வாங்கறது கஷ்டம், அதனால எங்க போனாலும் பொண்ணைத் தொடரலாம். ஆனா பொண்ணோட அம்மா வீடு மாலூரா இருந்தா? எல்லையோட நம்பர் நின்னுடும். அங்க தாயி கார்டுன்னு வேற புத்தகம். எங்க பக்கம் பாதிக் குடும்பத்துக்கு சம்பந்தம் எல்லை தாண்டித்தான்.

இன்னொரு விஷயம். மூணு ஸ்டாஃப் நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் திறந்தப்போ பிஎச்சியில பிரசவம் நிறைய நடந்துச்சு. அப்புறம் ரோடு வந்துச்சு, 108 வந்துச்சு, பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் இருக்கு, குழந்தை டாக்டர் இருக்கார்னு ஜனம் அங்க போக ஆரம்பிச்சாங்க. பிபி ஏறின பொண்ணை, ரத்தம் கம்மியான பொண்ணை நாங்களே முன்கூட்டி அனுப்புவோம். சரியான நேரத்துல அனுப்பறதுதானே எங்க வேலை? அதுக்கு உங்க அறிக்கையில கட்டமே இல்லையே.

கல்யாணமுருங்கை · செவ்வாய், காலை 8:47

சிஸ்டர், ரொம்ப நன்றி. எச்எம்ஐஎஸ்ல மேல் சிகிச்சைக்கு அனுப்பினது எத்தனைன்னு ஒரு எண் வரும். அனுப்பினவங்க போய்ச் சேர்ந்தாங்களா, திரும்பி வந்தாங்களான்னு வராது. தாய்வீட்டு விஷயம் எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா அது கோட்டை இந்த அளவுக்குக் கீழ இழுக்கும்னு கணக்குப் போட்டுப் பார்க்கல. மரண விகிதம் ஆகாதுன்னு இடைநிலை சொல்றார். உங்க காலத்துல ஒரு தாய் இறந்துட்டா என்ன பண்ணுவீங்க?

சூளகிரி சிஸ்டர் · செவ்வாய், காலை 11:02

விகிதமெல்லாம் போட மாட்டோம். அந்த ஒரு சாவை உக்காந்து பிரிச்சுப் பார்ப்போம். வலி எப்ப எடுத்துச்சு, வீட்டுல யார் முடிவு பண்ணாங்க, வண்டி எப்ப வந்துச்சு, மொத ஆஸ்பத்திரியில எவ்வளவு நேரம் வெச்சிருந்தாங்க, ரத்தம் எங்க இல்ல. வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதணும். கலெக்டர் முன்னாடி கூட்டம் நடக்கும். எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும். சில நேரம் பழியைக் கீழ இருக்கிறவ தலையில கட்டுவாங்க, அதையும் சொல்லணும். ஆனா மூணு வருஷத்துக்கு ஒரு சாவா இருந்தாலும் அதுல இருந்து கத்துக்க முடிஞ்சது இப்படித்தான்.

நடுநிலைவாதி · செவ்வாய், பகல் 1:15

கோவிச்சுக்காதீங்க, அடிப்படையையே கேக்கிறேன். பிஎச்சி எதுக்கு? எங்க ஊர்ல காய்ச்சல்னா மெடிக்கல் ஷாப், பெரிசுன்னா ஓசூர் தனியார் ஆஸ்பத்திரி. எல்லாத்தையும் பூட்டிட்டு அந்தக் காசுல எல்லாருக்கும் காப்பீடு போட்டா மதிப்பீடே தேவையில்ல. நோயாளி எங்க போறானோ அதுதான் மார்க். சந்தை மாதிரி நேர்மையான அளவுகோல் கிடையாது.

எருக்கு · செவ்வாய், இரவு 8:40

நான் டாக்டர். அரசுப் பணியில ஒரு பிஎச்சியில இருந்துட்டு மேல்படிப்புக்குப் போய், இப்போ பெங்களூருல தனியார்ல வேலை. நடுநிலைவாதிக்கு முதல்ல பதில்.

ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2018ல வந்தது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். ஆனா படுக்கையில சேர்ந்தாத்தான். சர்க்கரை மாத்திரைக்கு அதுல காசு கிடையாது. சர்க்கரை முத்திக் காலை எடுத்தா உண்டு. கிராமத்து ஆள் கையில இருந்து வருஷா வருஷம் போற காசுல பெரும்பங்கு மாத்திரைக்கும் புறநோயாளிச் செலவுக்கும்தான். அதைத் தடுக்கிற இடம் பிஎச்சி. நோயாளி எங்க போறான்னு மட்டும் பார்த்தா, போகவே வேண்டியில்லாமப் போனவன் உங்க கணக்குல வர மாட்டான்.

இப்போ முருங்கைக்கு. பிரசவத்தையும் தடுப்பூசியையும் வெச்சு அளக்கிறது முப்பது வருஷத்துக்கு முந்தின பிஎச்சிக்குப் பொருத்தம். இன்னைக்கு ஓபி வரிசையில பாதி பிபி, சுகர். இதுல எண்ணிக்கை எப்படி ஏமாத்தும்னு தமிழ்நாட்டுலயே பார்க்கலாம். 2020ல ஸ்டெப்ஸ்னு ஒரு ஆய்வு நடந்தது, ஜனங்களை நேர்ல பார்த்து பிபி, சுகர் அளக்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவங்கள்ல கட்டுக்குள்ள இருந்தது 7.3 சதவீதம்தான். சர்க்கரையில 10.8. மாத்திரை எல்லா பிஎச்சியிலயும் இருந்தது, முகாம் போட்டுக் கண்டுபிடிச்சதும் ஏராளம். அறிக்கைப்படி எல்லாமே ஜோர். அதுக்கப்புறம்தான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கே போய் பிபி பார்த்து மாத்திரை குடுக்கிற திட்டம். 2022 டிசம்பர்ல ஒரு கோடிப் பயனாளின்னு விழா நடந்தது. எனக்கு அந்த ஒரு கோடி முக்கியமில்ல. அடுத்த ஸ்டெப்ஸ் சுற்றுல கொதிப்புக் கட்டுப்பாடு 17க்கு வந்ததே, அதுதான் செய்தி. அப்பவும் நூத்துல 83 பேர் வெளியதான் இருக்காங்க.

அதனால நான் கேக்கிற கேள்வி ஒண்ணுதான். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பிபி அட்டை போட்ட நூறு பேரோட பேரை எடுங்க. இப்போ அவங்க எங்க? எத்தனை பேர் உயிரோட இருக்காங்க, எத்தனை பேர் மாத்திரையை விட்டாங்க, எத்தனை பேர் 140க்கு 90க்குக் கீழ? வருஷா வருஷம் புதுசா எத்தனை பேரைச் சேர்த்தோம்னு எண்ணினா கோடு ஏறிட்டேதான் இருக்கும். பழைய ஆள் பின்வாசல் வழியாப் போறது தெரியாது.

எருக்கு · செவ்வாய், இரவு 8:58

விட்டுப்போச்சு. ஒரே ஆளுங்களைத் தொடர்ந்து பார்க்கிறதுக்கு நாம வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். பெல்லாரி ரோட்டுல தேசிய காசநோய் நிலையம் இருக்கு, அந்த வழியாத்தான் எல்லாரும் ஏர்போர்ட் போறோம். அவங்க 1961ல இருந்து 68 வரைக்கும் அப்போதைய பெங்களூரு மாவட்டத்துல 119 கிராமங்களைத் தொடர்ந்து பார்த்தாங்க. சளியில கிருமி இருந்தவங்கள்ல அஞ்சு வருஷத்துல ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துட்டாங்க, மூணுல ஒரு பங்கு தானாத் தேறினாங்க, மீதிப் பேருக்கு கிருமி அப்படியே இருந்தது. முறையான சிகிச்சைத் திட்டம் அந்த ஊருங்களுக்கு வராத காலம். படிக்கும்போது மனசு சங்கடப்படும், அது வேற விவாதம். ஆனா மருந்து குடுத்து என்ன சாதிச்சோம்னு பின்னாடி ஒப்பிட அந்தக் கணக்குதான் அடித்தளம்.

அதே நிலையத்து ஆளுங்க துமகூரு பக்கம் ஒரு ஆய்வு செஞ்சு 1963ல வெளியிட்டாங்க. கிராமத்தான் அறியாதவன், ஆஸ்பத்திரிக்கே வர மாட்டான், நாமதான் வண்டி எடுத்துட்டுப் போய்த் தேடணும்னு நம்பின காலம் அது. போய்க் கேட்டா நோயாளிகள்ல பாதிக்கு மேல ஏற்கனவே வைத்தியம் தேடிப் போயிருக்காங்க. இருமல் மருந்து குடுத்துத் திருப்பி அனுப்பியிருக்காங்க! குறை வராதவன் மேல இல்ல, வந்தவனைக் கவனிக்காத இடத்து மேல. உங்க பிஎச்சி மதிப்பீட்டுல இன்னைக்கும் முதல் கேள்வியா இதை வைக்கலாம்.

கேஜிஎஃப் பையன் · புதன், காலை 7:55

நமக்கு இவ்ளோ பெரிய கணக்கெல்லாம் தெரியாதுபா. எங்கம்மா ஆஷா, அதான் கிராம சுகாதாரப் பணியாளர். பங்காருபேட்டை பக்கம் கிராமம். ஊர்ல யாரு மாசமா இருக்காங்கன்னு எங்கம்மாவுக்கு அவங்க வீட்டுக்காரனுக்கு முன்னாடி தெரியும். ஆனா ஒரு நாளைக்கு போன்ல எத்தினி ஆப்ல ஏத்தணும் தெரியுமா? ஒரே ஆளை மூணு தபா. நெட்டு வரலைன்னா ராத்திரி மாடியில ஏறி நின்னு ஏத்தும். பணம் வேலைக்கு இவ்ளோன்னு பிரிச்சுத் தராங்க. பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனா காசு, பிபிக்காரர் வீட்டுக்கு நாலு நடை போய் மாத்திரை போடுன்னு கெஞ்சினா அதுக்கு என்ன காசு? அப்போ எது நடக்கும், எது எழுத்துல மட்டும் நடக்கும், நீங்களே சொல்லுங்க. பெங்களூரு ஃப்ரீடம் பார்க்ல ஆஷாங்க போராட வந்து உக்கார்ந்தா டிராஃபிக்குன்னு திட்டறோம். அவங்க எழுதறதை வெச்சுத்தான் இந்த மார்க்கெல்லாம் போடறீங்க.

கைரேகை மிஷின் வெச்சப்போ ஒரு கூத்து நடந்துச்சு. நர்ஸுங்க, லேப்காரங்க டயத்துக்கு வந்தாங்க. டாக்டரு வழக்கம்போலத்தான்.

கல்யாணமுருங்கை · புதன், காலை 9:30

தம்பி, நீங்க சொன்ன அந்தக் கைரேகைக் கதை ஆய்வாவே இருக்கு! கர்நாடகாவுல அஞ்சு மாவட்டத்துல 322 பிஎச்சியை எடுத்து, குலுக்கல் முறையில 140ல மட்டும் கைரேகைக் கருவி வெச்சுப் பார்த்தாங்க. தாலிவால், ஹன்னான்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள். நர்ஸ், லேப், மருந்தாளுநர் வருகை கூடுச்சு. டாக்டர் வருகை நகரவே இல்ல. ஆனாலும் அந்தப் பகுதியில எடை குறைஞ்சு பிறக்கிற குழந்தைங்க கணிசமாக் குறைஞ்சாங்க. அதாவது நர்ஸ் இருந்தாலே பலன் உண்டு. அதே சமயம் தரவு வந்தப்புறமும் வராதவங்க மேல நடவடிக்கை எடுக்க மேல யாருக்கும் பெருசா மனசில்ல.

இதைவிட எனக்குத் தூக்கம் கெடுக்கிறது ராஜஸ்தான் உதய்பூர் ஆய்வு, 2008ல வந்தது. நர்ஸுங்களுக்கு நேரம் பதியற கருவி குடுத்து, வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்போம்னு சொன்னாங்க. ஆறு மாசத்துல வருகை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பதினாறாவது மாசம் பார்த்தா கருவி வெச்ச இடத்துக்கும் வைக்காத இடத்துக்கும் வித்தியாசம் இல்ல. இன்னைக்கு மீட்டிங், இன்னைக்கு வேற பணின்னு விலக்கு குடுத்துக் குடுத்தே திட்டத்தைக் கரைச்சுட்டாங்க. ஆறாவது மாசம் அறிக்கை எழுதியிருந்தா வெற்றின்னு எழுதியிருப்பேன். எங்க அலுவலகத்துல இப்படி ஆறாவது மாசத்துல எழுதின அறிக்கைங்க அலமாரி நிறைய இருக்கு.

அல்சூர் கிழவன் · புதன், மாலை 5:10

சுகாதாரத் துறையில குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இளையவர்கள் பத்து வருஷத்தை நீண்டகாலம் என்கிறீர்கள். கொஞ்சம் பின்னால் போவோம்.

1946ல் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு அறிக்கை கொடுத்தது. அவர்கள் கேட்ட நீண்டகாலத் திட்டம் என்ன தெரியுமா? பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் 75 படுக்கை. உடனடித் திட்டமாக நாற்பதாயிரம் பேருக்கு ஒன்று என்று இறங்கி வந்தார்கள். 1952ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு பிஎச்சி பிறந்தபோது அதுவும் கிடைக்கவில்லை. 1962ல் நம் லட்சுமணசாமி முதலியார் குழு, புதிதாகத் திறப்பதை நிறுத்தி இருப்பவற்றைப் பலப்படுத்துங்கள் என்றது. யார் கேட்டார்கள்? கட்டடம் திறந்தால் ரிப்பன் வெட்டலாம். இருப்பதைச் சரிசெய்தால் எதை வெட்டுவது?

பிறகு குடும்பக் கட்டுப்பாடு வந்தது. எழுபதுகளில் ஆரம்பித்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஒரு பிஎச்சியின் மதிப்பு என்பது எத்தனை அறுவை சிகிச்சைக்கு ஆள் பிடித்தது என்பதுதான். நர்ஸ், சானிட்டரி இன்ஸ்பெக்டர், பள்ளிக்கூட வாத்தியார், கிராமக் கணக்கர் எல்லாருக்கும் இலக்கு. பிப்ரவரி வந்தால் எங்கள் மேசையில் தந்தியாகக் குவியும். மார்ச் மாதத்தில் எண்கள் வானத்துக்கு ஏறும், ஏப்ரலில் படுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் காசநோய்க்காரன் வந்தால் கவனிக்க ஆளில்லை. பிறந்த குழந்தையைப் போய்ப் பார்க்க ஆளில்லை. 1996 ஏப்ரலில்தான் இலக்கை எடுத்தார்கள். எதை எண்ணினோமோ அது நடந்தது. எண்ணாதது நடக்கவில்லை, அது நடக்கவில்லை என்பதும் எழுத்தில் வரவில்லை. உங்கள் நூற்றுக்கு இத்தனை என்கிற மார்க்கும் ஓர் இலக்காகத்தான் மாறும், அம்மா. அதில் எந்தக் கட்டத்தை வைக்கிறீர்களோ அதைத்தான் அடுத்த பத்து வருஷம் அவர்கள் நிரப்புவார்கள்.

சில்க்போர்டு சிங்கம் · புதன், மாலை 6:48

ஐயா, ரிப்பன் வரி அபாரம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன்.

சரி, விகிதம் வேணாம், எண்ணிக்கை வேணாம். என்எஃப்எச்எஸ், அதான் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு? அது வீட்டுக்குப் போய்க் கேக்கிறது, பிஎச்சி எழுதிக் குடுக்கிறது இல்லையே.

இடைநிலை · புதன், இரவு 9:20

அது நல்ல கருவிதான். நாட்டோட போக்கைப் பார்க்க அதுக்கு மேல கிடையாது. ஆஸ்பத்திரிப் பிரசவம் 2005–06ல 38.7 சதவீதம், 2015–16ல 78.9, 2019–21ல 88.6. அதே கடைசி ரெண்டு சுற்றுல குழந்தைங்க ரத்தசோகை 58.6ல இருந்து 67.1க்கு ஏறியிருக்கு. ரத்தம் எடுக்கிற முறை மேல சண்டை இருக்கு, ஆனாலும் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு நாள்ல முடியற வேலை, காசும் குடுக்கிற வேலை, ஏறுது. ஆயிரம் நாள் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை ஏறல.

முருங்கைக்கு ஒரு எச்சரிக்கை. மாவட்ட அளவு எண்கள் 2015–16 சுற்றுல இருந்துதான் இருக்கு. அதுக்கு முன்னாடி மாவட்டத்துக்குன்னு வேற கணக்கெடுப்பு, டிஎல்எச்எஸ். கேள்வியும் மாதிரியும் வேற. அதோட மாவட்டமே மாறிடுச்சு. கிருஷ்ணகிரி 2004ல தர்மபுரியில இருந்து பிரிஞ்சது. சிக்கபள்ளாபுரம் 2007ல கோலார்ல இருந்து பிரிஞ்சது. 2002 கோலார், 2019 கோலார்னு ரெண்டு புள்ளியை இணைச்சுக் கோடு போட்டா ரெண்டும் வேற வேற நிலம். உங்க ஆளுங்க அனுப்பின பழைய கிராஃப் ஒண்ணுல இதைப் பார்த்த ஞாபகம்.

கூடவே ஒப்பிட ஒரு இடம் வேணும். மகாராஷ்டிராவுல கட்சிரோலியில டாக்டர் பங் தம்பதி 39 கிராமத்துல பச்சிளங்குழந்தைகளை வீட்டுலயே கவனிக்கிற முறையைக் கொண்டுவந்தாங்க, பக்கத்துல 47 கிராமத்துல சும்மா கவனிச்சாங்க. ரெண்டு பக்கமும் பிறப்பு இறப்பை ஒரே மாதிரி எண்ணினாங்க. 1999ல வெளியிட்டப்போ பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைஞ்சதுன்னு சொன்னா எவனும் மறுக்க முடியல. நீங்க உதவின பிஎச்சி மேல போச்சுன்னா, உதவாத பிஎச்சியும் மேலதானே போயிருக்கும்? ரோடும் 108ம் எல்லாருக்கும்தானே வந்துச்சு.

நடுநிலைவாதி · புதன், இரவு 10:02

எப்படியோ, தமிழ்நாடு எங்கயோ போயிடுச்சு, கர்நாடகா இன்னும் அங்கயே நிக்குது. இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

மட்டுறுத்துநர் · புதன், இரவு 10:40

இதுக்குப் பதிலா வந்த ரெண்டு பதிவுகளை நீக்கியிருக்கு. எந்த மாநிலம் பெருசுங்கிற சண்டை இந்த இழையில வேணாம். நாம சோறு திங்கிற ஊர் இது.

எருக்கு · வியாழன், காலை 7:05

அந்தப் பேச்சு தகவலாவும் தப்பு. தமிழ்நாட்டுக்கு முன்தொடக்கம் இருந்தது, உண்மை. 1939லயே பொது சுகாதாரச் சட்டம். 1994ல மருந்துக் கொள்முதலுக்குத் தனிக் கழகம் அமைச்சாங்க, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் மாதிரி ஒதுக்கீடு, அதனால மருந்து அறவே தீர்ந்துபோறது அபூர்வம். ஆனா கர்நாடகா நிக்கல. 2001–03ல தாய்மார் இறப்பு லட்சத்துக்கு 228 இருந்தது, 2018–20ல 69. இதே கர்நாடகாவுலதான் யளந்தூர் தாலூக்கு கும்பள்ளி பிஎச்சியை 1996ல கருணா டிரஸ்ட்ங்கிற தொண்டு நிறுவனம் எடுத்து நடத்த ஆரம்பிச்சது. ஒரே இடம், ஒரே நிர்வாகம், தொடர்ந்து பல வருஷம். எங்க ஊர்ல ஒரு டாக்டர் வருவார், ரெண்டு மூணு வருஷம் இருப்பார், மேல்படிப்புக்குக் கிளம்பிடுவார். நானும் அப்படிக் கிளம்பினவன்தான். அடுத்து வர்றவருக்கு யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு யார் சொல்றது?

சூளகிரி சிஸ்டர் · வியாழன், காலை 10:30

நாங்க சொல்லுவோம் டாக்டர்! அதைத்தான் ரெண்டு நாளா சொல்ல நினைச்சேன்.

துணை சுகாதார நிலையத்துக்கு அஞ்சாயிரம் பேர், மலைப்பக்கம்னா மூவாயிரம். அங்க ஒரே செவிலியர் பல வருஷம் இருந்தா தம்பதியர் பதிவேட்டைத் திறக்காமலே சொல்லுவா: இவளுக்கு மொத பிரசவத்துல ரத்தப்போக்கு, இவ மாமியாருக்கு டிபி, இந்த வீட்டுல ரெண்டாவது குழந்தைக்கு ஊசி போட விடல, பேசிப் பேசி மூணாவதுக்குப் போட்டோம். அவளை மாத்தின அன்னைக்கு அது பூராவும் போச்சு. புதுசா வர்றவ பதிவேட்டைப் பார்த்து ஆரம்பிக்கணும். இப்போ டேப்லெட், பழைய பதிவேடு மூட்டை கட்டி ஸ்டோர்ல கிடக்கும், கரையான் தின்னும். உங்க மதிப்பீட்டுல எத்தனை பணியிடம் நிரம்பியிருக்குன்னு கேப்பீங்க. நிரம்பின இடத்துல அதே ஆள் எத்தனை வருஷமா இருக்கா, துணை நிலையத்துக் குடியிருப்புலயே தங்கறாளா, அதையும் கேளுங்க.

கல்யாணமுருங்கை · வியாழன், இரவு 9:50

ரெண்டு நாளா மாத்தி மாத்தி எழுதிட்டு இன்னைக்கு மேலாளர்கிட்ட குடுத்துட்டேன். நூத்துக்கு மார்க் கிடையாதுன்னு முதல் வரியிலயே போட்டேன். முகம் சுருங்கிச்சு.

கேட்டிருக்கிறது இது: ஒவ்வொரு பிஎச்சியிலயும் பழைய பிபி, சுகர் அட்டையில இருந்து நூறு பேரைக் குலுக்கி எடுத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரசவிச்சவங்களையும் சேர்த்து கர்ப்பம் தரிச்ச மாசத்துல இருந்து குழந்தைக்கு ரெண்டு வயசு வரைக்கும் தொடரணும். பிரசவ எண்ணிக்கை இருக்கும், ஆனா எங்க நடந்ததுங்கிற விவரத்தோட. பத்து வருஷத்துல எந்தெந்த மாசம் எந்த மருந்து இல்லாமப் போச்சு, எந்த நர்ஸ் எவ்வளவு காலம் இருந்தாங்க. நாங்க உதவாத பிஎச்சிங்களும் அதே எண்ணிக்கையில. ஆஷாக்கள்கிட்ட புதுசா எதையும் ஏத்தச் சொல்லக் கூடாது, எங்க ஆளுங்களே நடக்கணும்.

"இதுக்கு ஒரு வருஷம் ஆகுமே"ன்னார். ஆமான்னேன். பணம் குடுக்கிறவங்க மார்ச்சுக்குள்ள அறிக்கை கேக்கிறாங்களாம். முதல்ல ரெண்டு பிஎச்சியில செஞ்சு காட்டு, அப்புறம் பேசலாம்னு விட்டிருக்கார். அதனால அடுத்த கேள்வி: களத்துக்கு எப்போ போறது?

அல்சூர் கிழவன் · வெள்ளி, காலை 6:15

மார்ச்சில் மட்டும் போகாதீர்கள். இலக்கு போனாலும் பழக்கம் போகவில்லை. அந்த மாதம் எல்லாரும் எழுதிக்கொண்டிருப்பார்கள், யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

கேஜிஎஃப் பையன் · வெள்ளி, காலை 8:10

எங்க பக்கம் வந்தா சொல்லுங்கக்கா. எங்கம்மா கூட்டிட்டுப் போவும். கன்னடம், தமிழ், தெலுங்கு மூணும் பேசும். ஆனா மாசக் கடைசியில வேணாம், ரிப்போர்ட் டயம்.

சூளகிரி சிஸ்டர் · வெள்ளி, காலை 10:45

எங்க பக்கம் செவ்வாய்க்கிழமை போங்க கண்ணு, கர்ப்பிணிங்க வர்ற நாள். புதன் தடுப்பூசி, நர்ஸுங்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. செவ்வாய்க்கிழமை பொண்ணுங்க கூட மாமியாருங்களும் வருவாங்க. வெளிய பெஞ்சுல உக்கார்ந்திருக்கிற மாமியாரைக் கேளுங்க: உங்க பிரசவம் எங்க ஆச்சு, உங்க மக பிரசவம் எங்க ஆச்சு, இந்த மருமகளை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க, பிரசவத்துக்கு எங்க அனுப்பப் போறீங்க, ஏன்? உங்களுக்கு முப்பது நாப்பது வருஷக் கணக்கு அங்கயே கிடைக்கும், பிழைத்திருக்கிற குழந்தை, பிழைக்காத குழந்தை எல்லாம் சேர்த்துச் சொல்லுவாங்க. அப்புறமா உள்ள போய்ப் பதிவேட்டோட ஒப்பிட்டுக்கோங்க.

கல்யாணமுருங்கை · வெள்ளி, பகல் 12:20

செவ்வாய்க்கிழமையே வர்றேன் சிஸ்டர். எத்தனை மணிக்கு இருந்தா சரியா இருக்கும்?

சூளகிரி சிஸ்டர் · வெள்ளி, பகல் 12:34

எட்டரைக்கே இருங்க. பதினோரு மணிக்கு மேல மாமியாருங்க இருக்க மாட்டாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு கிளம்பிடுவாங்க.